செம்மண் மேல் போட்ட கையெழுத்து

நிலச் சீரமைப்புக் கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நான் போட்ட ஒரு கையெழுத்தை ஒரு முறை திரும்ப எடுத்துக்கொண்டேன். அது எப்படி நடந்தது, அப்போது யார் யார் என் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் பிரிவை வெளியில் உள்ளவர்கள் 'அழுக்கு நிலத்துக்குக் கடன் கொடுக்குற ஆபீஸ்' என்பார்கள். தவறில்லை. மூடிப்போன ஆலை, பட்டறை இருந்த இடங்களில் மண்ணுக்குள் இறங்கியிருக்கும் கழிவை எடுத்துவிட்டு, அங்கே வீடோ கடையோ கட்ட அரசின் கடனைக் கொடுக்கிறோம். முதல் தவணை மண்ணைச் சுத்தம் செய்ய. இரண்டாம் தவணை கட்டடம் கட்ட. இரண்டுக்கும் நடுவில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. 'நிலம் குடியிருக்கத் தகுந்தது' என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே போடும் கையெழுத்துதான் நம் வேலை. மற்றதெல்லாம் கடிதப் போக்குவரத்து.

அரசு வேலைக்கு வருமுன் நான் ஆறு ஆண்டுகள் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். எங்கே போனாலும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அலுவலகத்தில் பேர். அந்தப் பேரை நானும் நம்பினேன்.

சுனாமி வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஊரின் மேற்குப் பக்கம், வாய்க்காலை ஒட்டி, ஒரு சாயப்பட்டறை மூடிக் கிடந்தது. முதலாளி போய்விட்டார். வேலை செய்தவர்கள் பல வருடம் வழக்கு நடத்தி, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாக அந்த இடத்தையே வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஏக்கர் இருக்கும். கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, இருபத்தாறு வீடு கட்டிக்கொள்ள நம்மிடம் கடன் கேட்டார்கள்.

சங்கத்தின் தலைவர் ஏழுமலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பட்டறையில் சாயத்தொட்டியில் நின்றவர். அவரும் மனைவி தனலட்சுமியும் முத்தியால்பேட்டையில் தனலட்சுமியின் அக்கா வீட்டுப் பக்கவாட்டு அறையில் ஒன்பது வருடமாக இருந்தார்கள். "ஒம்போது வருசமா அக்கா புருசன் எப்ப தூங்கப் போறாருன்னு பாத்துப் பாத்து டிவிய நிறுத்துறேன் மேடம். அது போதும் எனக்கு" என்று ஏழுமலை ஒரு முறை சொன்னார். மனு, விண்ணப்பம் எல்லாவற்றையும்விட அந்த வாக்கியம்தான் எனக்கு அந்தக் கோப்பின் சாரமாக இருந்தது.

முதல் தவணையில் பழைய கழிவுநீர்த் தொட்டி இருந்த இடத்தைத் தோண்டி, நீலமும் கறுப்புமாக இருந்த சேற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். தொட்டி எங்கே இருந்தது என்பதைப் பட்டறையின் பழைய வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தோம். வரைபடம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் போட்டது. எழுத்து அழகாக இருந்தது. அழகான வரைபடத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்து அடிக்கல் நாட்டு விழா. விழா என்றால் நம் ஊரில் முதலில் வருவது செம்மண். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் வருகிற நாளுக்கு முன்னால் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, நிரவி, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். வெள்ளை வேட்டியில் சேறு படக்கூடாது, புகைப்படத்திலும் இடம் நன்றாகத் தெரிய வேண்டும். அங்கேயும் வந்தது. தாழ்வான இடமாயிற்றே, லாரி ஓடும்போதே முழு இடத்தையும் மேடாக்கிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்ல, சங்கத்துக்காரர்களுக்குச் சந்தோஷம். மழைத் தண்ணீர் நிற்காது. ஒரு வாரம் லாரிகள் ஓடின.

விழாவில் நான் இருந்தேன். அன்றைய நோட்டு என்னிடம் இப்போதும் இருக்கிறது. பந்தலின் நிறம் மஞ்சளும் வெள்ளையும். நாதஸ்வரம் ஒன்றரை மணி நேரம். மேடையில் ஒன்பது நாற்காலி, உட்கார்ந்தவர்கள் பதினொருவர். அமைச்சருக்குப் போட்ட மாலையை அவர் கழற்றி ஏழுமலைக்குப் போட்டார், ஏழுமலை அதைக் கழற்றித் தனலட்சுமியிடம் கொடுத்தார், அவர் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். இத்தனையும் எழுதியிருக்கிறேன். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒரு வரி இல்லை.

பத்து நாள் கழித்து மண் மாதிரி எடுக்கப்பட்டது. பன்னிரண்டு இடம். விதியின்படி 'தரை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி ஆழத்தில்'. ஒன்றரை அடி எடுத்தார்கள். எந்தத் தரை என்று விதியில் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆய்வக முடிவு வந்தது. பன்னிரண்டும் சுத்தம். கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் தவணைக் கோப்பு மேலே போயிற்று. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதி.

இடையில் இன்னொன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் என் மேசையில்தான் நடந்தது. மனைகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். ஏழுமலைக்கு முன்பக்கம் தெரு முனை மனை விழுந்தது. எல்லோரும் ஆசைப்பட்ட மனை. இரண்டே நாளில் ஒரு மாற்று விண்ணப்பம் வந்தது. முனை மனையை விட்டுவிட்டு, பின்பக்கம் வாய்க்கால் ஓரம் வேறொரு உறுப்பினருக்கு விழுந்த மனையை ஏழுமலை எடுத்துக்கொள்கிறார். காரணம் என்ற இடத்தில் 'காற்று' என்று எழுதியிருந்தது. சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் காற்று. சிரிப்பு வந்தது. நிருபராக இருந்திருந்தால் அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அதிகாரியாக இருந்ததால் 'அனுமதிக்கலாம்' என்று எழுதினேன்.

மார்ச் மாதம் மூன்றாவது வாரம். ஆய்வக அறிக்கையின் நகலில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தது. கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் அனுப்பினால் ஒரு நாள் போய்விடும் என்று நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டையில் இருந்த ஆய்வகத்துக்குப் போனேன்.

அங்கே மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்பவர் அந்துவான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தம்பி, தங்கை எல்லோரும் பிரான்சுக்குப் போய்விட, இவர் மட்டும் அம்மாவோடு இங்கே இருந்தார். பெண் அதிகாரிகளை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். அறிக்கையைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி நின்றார்.

"மதாம், ஒண்ணு கேக்கலாமா? உங்க சாம்பிள் பை பன்னெண்டும் மிச்சம் இருக்கு. தூக்கிப் போடத்தான் போறோம். நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"ரோஜாத் தொட்டிக்கு. நல்ல மண்ணு."

"சாயப்பட்டறை மண்ணு அந்துவான் அது."

"ரிசல்ட்டு சுத்தம்னு வந்துடுச்சே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." பையைத் திறந்து காட்டினார். "பாருங்க. எங்க வீட்டுப் பின்னாடி தோண்டுனா வர்ற மண்ணு மாதிரியே இருக்குது. பன்னெண்டு பையும் ஒரே கலரு. சாதாரணமா ஒரு எடத்துல பன்னெண்டு சாம்பிள் எடுத்தா நாலு கலராவது வரும். உங்க எடம் ரொம்ப ஒழுங்கான எடம் மதாம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ரோஜாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். நான் பைக்குள் கையை விட்டேன். லாஸ்பேட்டை, கோரிமேடு எல்லாம் மேட்டுப் பகுதி. அங்கேதான் செம்மண். ஊருக்குள், வாய்க்கால் பக்கம், எங்கே தோண்டினாலும் கறுத்த மணல்தான். இது நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் சோதித்தது லாரியில் வந்த மண்ணை.

"எடுத்துக்கோங்க. நல்ல மண்ணுதான்" என்றேன். பையை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராக இடத்துக்குப் போனேன்.

மணி பதினொன்று இருக்கும். ஏழுமலை சுண்ணாம்புப் பொடியால் மனைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தனலட்சுமி சாப்பாட்டுக் கூடையோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டு இப்ப வந்து தோண்டுன்றீங்க" என்றார் ஏழுமலை. "இன்னா மேடம் இது. கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்க வர்ற மாதிரி."

"ஒரு எடத்துல தோண்டிப் பாப்போம். ஒண்ணும் இல்லன்னா நான் போயிடுறேன்."

முன்பக்கம் தோண்டினார். இரண்டு அடி செம்மண். அதற்குக் கீழே கறுத்த மணல். இன்னும் ஒரு அடி. மணல்தான். நாற்றம் இல்லை, நிறம் இல்லை. வரைபடத்தில் தொட்டி இருந்த பக்கம் அது. சுத்தம் செய்த இடம். கிளம்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. அந்த ஒரு கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் வரும்.

அப்போதுதான் 'காற்று' என்ற அந்தச் சொல் நினைவுக்கு வந்தது.

"உங்க மனையில ஒரு தடவ தோண்டிடுங்க" என்றேன்.

ஏழுமலை மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அங்க வேணாம் மேடம்."

"ஏன்?"

தனலட்சுமி எழுந்து வந்தார்.

"ஏன் வேணாம்? நம்ம எடம்தான. வாஸ்து போட்டாச்சா அதுக்குள்ள? தோண்டிக் காட்டிட்டு அனுப்பு அவங்கள, வெயில்ல நிக்கிறாங்க." அவர் அசையாததைப் பார்த்துவிட்டுத் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

தனலட்சுமி வயல் வேலை செய்து வளர்ந்தவர். வேகமாக வெட்டினார். செம்மண் முடிந்தது. மணல் கொஞ்சம் வந்தது. அப்புறம் ஊதா நிறத்தில் களி மாதிரி ஒன்று வந்தது, கூடவே ஒரு நெடி. தலைக்குச் சாயம் போடும் கடையில் வருமே, அதை ஐம்பது மடங்கு ஆக்கியது போல. வெட்டிய குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. அதுவும் ஊதாதான்.

"இது இன்னா?" என்றார் தனலட்சுமி, கணவரைப் பார்த்து.

ஏழுமலை மெதுவாகச் சொன்னார். இங்கே ஒரு பழைய கிணறு இருந்தது. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால், தொட்டியில் இருப்பதை வாளியில் மொண்டு இந்தக் கிணற்றில் ஊற்றச் சொல்லுவார் முதலாளி. பல வருடம் ஊற்றினார்கள். கடைசியில் கிணற்றை மூடி மேலே மணல் போட்டதும் அவர்கள்தான். வரைபடத்தில் அந்தக் கிணறு இல்லை.

"ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"நீங்க கேக்கல மேடம்." கோபமாக இல்லை, ஒரு தகவல் போலச் சொன்னார். "மொத நாளு வந்தீங்க, ஆபீஸ்ல இருந்து மேப்பு கொண்டாந்தீங்க, அதப் பாத்தே கோடு போட்டீங்க. பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன். கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. சரி, சொன்னா இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும்னு வுட்டுட்டேன். எங்க ஆளுங்க இருபத்தாறு பேருல எத்தினி பேரு உசுரோட இருந்து வீட்டப் பாக்கறது?"

"அதனாலதான் மனைய மாத்திக்கிட்டீங்களா?"

"குலுக்கல்ல இது சேகருக்கு வுழுந்துது. அவனுக்குக் கைக்குழந்த. தெரிஞ்சே எப்பிடி வுடறது. நான் இருந்துக்கறேன்னு நெனச்சேன். இத்தினி வருசம் அதுலியே நின்னவன்தான. எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது."

தனலட்சுமி மண்வெட்டியை நட்டு, அதன் காம்பின் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றார். "நீ இருந்துக்கறேன்னு நெனச்ச. சரி. என்னை எங்க குடி வெக்கறதா இருந்த?"

ஏழுமலை கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

நான் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. கிணறு அவர் மனையில் இருக்கலாம், தண்ணீர் அங்கேயே நிற்காது. இருபத்தாறு வீட்டுக்கும் மூன்று அடிபம்பு போடுவதாகத் திட்டம். மூன்றாவது பம்பு அந்த இடத்திலிருந்து பதினைந்து தப்படி. சேகரின் குழந்தை குடிக்கப்போகும் தண்ணீர் அதிலிருந்துதான் வரும். இதைச் சொன்னபோது ஏழுமலை முதல் முறையாகக் கீழே உட்கார்ந்தார். சாயத்தோடு வாழ்நாள் முழுதும் நின்றவர், தண்ணீர் மண்ணுக்கடியில் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. நான் அதைப் படித்துவிட்டு வந்தவள், எங்கே ஊற்றினார்கள் என்று கேட்கவில்லை. இரண்டு பேரில் யார் தவறு பெரியது என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

மறுநாள் காலையில் ஒரு குறிப்பு எழுதினேன். 'மண் மாதிரிகள் விழாவுக்காகக் கொட்டப்பட்ட செம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. விழாவில் நான் இருந்தேன். செம்மண் கொட்டப்பட்டதைப் பார்த்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் கொடுத்த சான்றிதழை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கிணற்றைப் பற்றித் தனிப் பத்தி. அதை யார் மூடினார்கள் என்று எழுதவில்லை. அதை ஏழுமலைதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

குறிப்பை எடுத்துக்கொண்டு பொது மேலாளரின் அறைக்குப் போனேன். அவரைப் பற்றி அலுவலகத்தில் நல்ல பேச்சு கிடையாது. சிரிக்க மாட்டார். கோப்பில் ஒரு தேதி தவறாக இருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அவரையே திருத்தச் சொல்லுவார். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. பெயரைச் சொல்வதை அவர் விரும்ப மாட்டார், விட்டுவிடுகிறேன்.

இரண்டு முறை படித்தார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து பதினொரு மணிக்கு சார்."

"நேத்தே ஏன் வரல?"

"எப்பிடி எழுதறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன் சார்."

"பணம் லாப்ஸ் ஆகும். சங்கத்துக்காரங்க வந்து வாசல்ல உக்காருவாங்க. உங்களுக்கு மெமோ வரும். இங்க்ரிமென்ட்டுல கை வைப்பாங்க. எல்லாம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"முப்பத்தொண்ணாந்தேதிக்கு அப்புறம் இத எழுதியிருந்தா பணமும் வந்திருக்கும், மண்ணையும் அப்புறமா பாத்திருக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. அதுக்கு என்ன பதில்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் முந்தைய நாள் முழுக்க எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. "பணம் வந்தா அஸ்திவாரம் போட ஆரம்பிச்சிடுவாங்க சார். அஸ்திவாரம் போட்டப்புறம் யாரும் தோண்ட விட மாட்டாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். பச்சை மை பேனாவை எடுத்தார். 'ஏற்கப்பட்டது' என்று எழுதுவார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே போனார். கோப்பை என் பக்கம் திருப்பினார்.

'விழா நாளன்று நானும் மேடையில் இருந்தேன். அந்தச் செம்மண்ணில் நடந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. இந்தக் கவனக்குறைவில் எனக்குச் சம பங்கு உண்டு. சான்றிதழ் ரத்து செய்யப்படுகிறது.'

"சார், இது வேணாம்" என்றேன். "உங்களுக்கு ஆறு மாசம்தான் இருக்கு."

"தேதி சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார்.

விசாரணை வந்தது. எனக்கு ஒரு ஊதிய உயர்வு நின்றது. அவருடைய ஓய்வூதிய ஆணை ஏழு மாதம் தாமதமாக வந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒரு முறை பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அந்தக் கெணத்த முழுசா தோண்டியாச்சா?" என்று கேட்டார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றேன். "அப்ப ஆபீஸுக்குப் போங்க, இங்க என்ன பண்றீங்க" என்றார்.

அவர் சொன்னபடியே சங்கத்துக்காரர்கள் வந்து அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அறுபது எழுபது பேர், குழந்தைகளோடு. "கையெழுத்துப் போட்டவங்கள வெளிய வரச் சொல்லு" என்று ஒருவர். "அந்தம்மாவுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்குது, நமக்கு இன்னா இருக்குது" என்று இன்னொருவர். நான் வெளியே வந்து நின்றேன். பேச முயன்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஏழுமலை எழுந்தார். "அவங்கள வுடுங்க. கெணறு அங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல" என்றார்.

படியில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பெரியவர், அவரும் சாயத்தொட்டிக்காரர், கேட்டார். "கெணத்த மூடுனப்ப நானுந்தான் இருந்தேன். என்னைக் கேட்டியா? நீ மட்டும் என்னாத்துக்குத் தனியா தூக்கினு திரிஞ்ச?"

அடுத்த பொதுக்குழுவில் ஏழுமலையைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவரே சொன்னார். எடுத்த கையோடு, இடத்தைத் தோண்டும்போது கூட இருந்து பார்க்கிற பொறுப்பை அவருக்கே கொடுத்தார்கள்.

இரண்டாவது முறை மாதிரி எடுத்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தை நான் அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். செம்மண் முழுவதும் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. பட்டறையில் வேலை செய்த ஆண்களும் பெண்களும் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். "எங்கெங்க ஊத்தினீங்களோ அங்க போய் நில்லுங்க" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார்கள். கட்டடம் எல்லாம் போய்விட்டது, அடையாளம் கிடையாது. "கேட்டு இங்க இருந்துது", "இல்ல, அது கொதிகலன்", "நீ மொட்ட வெயில்ல ஒளிஞ்சு பீடி புடிச்ச எடம் அது" என்று பேசிக்கொண்டே ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். வாய்க்கால் ஓரம் நான்கு பேர். கிணற்று மேல் மூன்று பேர். யாருமே எதிர்பார்க்காத இடத்தில், தெருப்பக்கச் சுவர் ஓரமாக, ஒரு அம்மாள் தனியாக நின்றார். டப்பா கழுவின தண்ணீரைத் தினமும் அங்கே கொட்டுவாராம். ஆய்வகத்திலிருந்து வந்திருந்த அந்துவான் குனிந்து ஒவ்வொருவர் காலடியிலும் குச்சி நட்டுக்கொண்டே போனார். அந்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனபோது ஐந்து நிறத்தில் இருந்தன.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கலத்தைப் பாருங்கள். 'இந்த நிலத்தில் முன்பு வேலை செய்தவர்கள் யார்? அவர்களை இடத்துக்கு அழைத்துக் கேட்டது எப்போது?' பலர் அதில் 'விசாரிக்கப்பட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கலம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அப்படி எழுத மாட்டீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கடன் அடுத்த ஆண்டு மறுபடி ஒதுக்கப்பட்டது. கிணற்றை அடிவரை தோண்டி எடுக்க ஒரு மழைக்காலம், கட்டி முடிக்க இன்னொரு மழைக்காலம். அதற்குள் உறுப்பினர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த இரண்டு வீட்டுச் சாவியையும் அவர்கள் பிள்ளைகள் வாங்கினார்கள். அதை நான் நினைக்காமல் இந்தக் கதையைச் சொன்னதில்லை. சரியான முடிவு எடுத்தால் யாருக்கும் எதுவும் குறையாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதிய குலுக்கலில் ஏழுமலைக்கு நடுவரிசையில் ஒரு வீடு. முனையும் இல்லை, வாய்க்கால் ஓரமும் இல்லை. புதுமனை புகுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகலாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். தனலட்சுமி வாசலில் நின்றார்.

"ரெண்டு மழைக்காலம் அக்கா வீட்ல பேச்சு வாங்கினேன்" என்றார். "உங்கள திட்டாத நாளு இல்ல. பாதி நாளு இவர, பாதி நாளு உங்கள. முற போட்டுத் திட்டுனேன்."

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சா சரி. உள்ள வாங்க, எல போட்டாச்சு."

உட்கார்ந்தேன். தனலட்சுமி பரிமாறினார். இரண்டு முறை வேண்டாம் என்று கையைக் காட்டியும் சோறு விழுந்தது. நகராட்சிக் குழாய் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஏழுமலை மூன்றாவது பம்பில் அடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

டம்ளரைக் கையில் எடுத்தேன். தண்ணீருக்கு நிறம் இல்லை. ஆனாலும் கை அங்கேயே நின்றுவிட்டது. மரியாதைக்குறைவு என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து இலையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஏழுமலையும் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து என் முன்னால் நீட்டினார். ஆய்வக அறிக்கை. முந்தைய நாள் தேதி.

"நானே லாஸ்பேட்டைக்குப் போயி வாங்கினு வந்தேன். மேல நிக்கிற தண்ணிய எடுக்கல, கொஞ்ச நேரம் அடிச்சி வுட்டுட்டுத்தான் புடிச்சேன்" என்றார். "படிச்சிட்டே குடிங்க மேடம். ஒண்ணும் அவசரம் இல்ல."

படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். பிறகு குடித்தேன்.